சொட்டும் தாளமும்: பிட்யூட்டரியை மூளை ஆளும் விதம்

கன்று செத்துப்போன மாட்டைக் கறக்க எங்கள் ஊரில் வைக்கோல் கன்று வைப்பார்கள். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகி மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்துவார்கள். மாடு அதை முகர்ந்து பார்க்கும், பிறகு நக்கத் தொடங்கும். நக்க நக்க, தளர்ந்து கிடந்த மடி திரண்டு காம்புகள் விறைக்கும். “சொரந்துட்டா” என்பார் பாட்டி. செம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து அயலார் யாராவது தொழுவத்துக்குள் நுழைந்தாலோ, நாய் குரைத்தாலோ, மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு பீச்சினாலும் வராது.

வைக்கோல் கன்றை நக்கிய நாக்கிலிருந்து மடிக்குச் செய்தி எந்த வழியாகப் போனது? நரம்பு வழியாக என்று நினைப்பது இயல்பு. 1941இல் அமெரிக்காவில் ஈலை, பீட்டர்சன் என்ற இருவர் பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை மட்டும் அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். கறவை நேரத்துத் தூண்டுதல் கிடைத்ததும் நரம்புள்ள பாதியும் நரம்பில்லாத பாதியும் ஒன்றுபோலவே பாலை இறக்கின. ஆக, செய்தி ரத்தத்தில் போயிருக்க வேண்டும். மாட்டுக்குப் பக்கத்தில் காகிதப் பையை வெடித்து மிரட்டியபோது பால் வரவில்லை. பாட்டிக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது ஆய்வுத் தாளில் பதிவானது.

அந்தச் செய்தியின் பெயர் ஆக்சிடோசின். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைடு. மூளையின் அடிப்பாகத்தில், ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் உள்ள நரம்புச் செல்கள் அதைத் தயாரிக்கின்றன. அந்தச் செல்களின் நீண்ட வால்கள் கீழே பிட்யூட்டரியின் பின்பகுதி வரை இறங்கி, அங்கே ரத்தத்தில் ஆக்சிடோசினைக் கொட்டுகின்றன. 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து ஆய்வகத்திலேயே தயாரித்தார். 1955இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உடலின் நீரைக் காக்கும் வாசோபிரசினும் இதே வழியில் வருவதுதான். இரண்டுக்கும் இரண்டே அமினோ அமிலங்கள் வேறுபாடு.

நரம்புச் செல்லே ஹார்மோனைச் சுரக்கும் என்பதை 1928இல் எர்ன்ஸ்ட் ஷாரர் மீன் மூளையைப் பார்த்துச் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம்பியபின் பின்பகுதியின் கதை விளங்கிவிட்டது. கடினமான கேள்வி முன்பகுதியைப் பற்றியது.

பிட்யூட்டரி கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். எடை சுமார் அரை கிராம். மண்டையோட்டின் அடியில், மூக்குக்குப் பின்னால், எலும்பாலான ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே சுரப்பிபோலத் தெரிந்தாலும் பிறப்பால் அது இரண்டு. பின்பகுதி மூளையின் தரையிலிருந்து கீழே வளர்ந்தது. முன்பகுதி கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலே எழும்பிப் போய் அதோடு ஒட்டிக்கொண்டது. அதனால் மூளையிலிருந்து முன்பகுதிக்குச் சொல்லத்தக்க நரம்பு எதுவும் இல்லை. ஆனால் வளர்ச்சி, தைராய்டு, அட்ரீனல், முட்டை, விந்து, தாய்ப்பால் என உடலின் பெரிய காரியங்களை நடத்தும் ஆறு முக்கிய ஹார்மோன்கள் அங்கிருந்துதான் வருகின்றன. பரீட்சைப் பயத்தில் மாதவிலக்கு தள்ளிப்போவதும், பகல் நீண்டதும் ஆடு சினைக்கு வருவது நிற்பதும் மூளை அங்கே ஆட்சி செய்கிறது என்பதற்குச் சான்று. நரம்பு இல்லாமல் எப்படி?

வழி கண்டவர்கள்

1930இல் லண்டனில் கிரிகோர் போபா, ஊனா ஃபீல்டிங் என்ற இருவர் ஹைபோதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் நடுவே உள்ள தண்டில் ஓடும் மெல்லிய ரத்த நாளங்களை விவரித்தார்கள். ஒரு நுண்குழாய் வலையில் தொடங்கி இன்னொரு நுண்குழாய் வலையில் முடியும் இந்த வகைக்குப் போர்டல் நாளங்கள் என்று பெயர். ரத்தம் கீழிருந்து மேலாக, சுரப்பியிலிருந்து மூளைக்குப் போகிறது என்று அவர்கள் கருதினார்கள். இறந்த உடலைப் பார்த்து ஓட்டத்தின் திசையைச் சொல்வது கடினம். 1935இல் அர்ஜென்டினாவில் பெர்னார்டோ ஊசாயின் குழு உயிருள்ள தேரையில் பார்த்துத் திசையைத் திருப்பிச் சொன்னது: ரத்தம் மூளையிலிருந்து சுரப்பிக்கு இறங்குகிறது.

அந்த இறங்குவழியின் பொருளை முழுதாக உணர்ந்தவர் ஆங்கிலேயரான ஜெஃப்ரி ஹாரிஸ். ஹைபோதலாமஸின் நரம்பு முனைகள் ஏதோ ஒரு பொருளை அந்த நுண்குழாய்களில் சொட்டவிடுகின்றன, அது சில மில்லிமீட்டர் பயணம் செய்து முன்பகுதியை இயக்குகிறது என்றார். அவர் வாதாடியதைவிடச் செய்து காட்டியது பெரிது. 1952இல் டோரா ஜேக்கப்சனுடன் சேர்ந்து செய்த சோதனையை நான் இத்துறையின் மிக அழகான சோதனை என்பேன். ஜேக்கப்சன் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி ஸ்வீடனின் லுண்ட் நகரில் பணியாற்றியவர். பெண் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, வேறொரு பிட்யூட்டரித் திசுவைச் சிலவற்றுக்கு ஹைபோதலாமஸின் அடியிலும், சிலவற்றுக்குச் சற்றுத் தள்ளி மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்கு அடியிலும் ஒட்டினார்கள். இரண்டு இடத்திலும் திசு பிழைத்தது, இரண்டு இடத்திலும் ரத்தம் பாய்ந்தது. ஆனால் ஹைபோதலாமஸின் அடியில், போர்டல் நாளங்கள் ஊடுருவிய திசுவைப் பெற்ற எலிகள்தான் பருவச் சுழற்சிக்கு வந்தன, இணைசேர்ந்தன, சினைப்பட்டன. தள்ளி ஒட்டியது வெறும் சதையாகக் கிடந்தது. சுரப்பிக்கு எந்த ரத்தமும் போதாது. மூளையைத் தொட்டுவந்த ரத்தம் வேண்டும்.

சாலி ஸுக்கர்மன் என்ற செல்வாக்குமிக்க விஞ்ஞானி பல ஆண்டுகள் இதை ஏற்கவில்லை. தண்டை அறுத்தபின்னும் ஃபெரட் விலங்குகள் ஒளிக்கு ஏற்பப் பருவத்துக்கு வருகின்றன என்று எதிர்வாதம் வைத்தார். அறுபட்ட நாளங்கள் திரும்ப வளர்ந்துவிடுகின்றன என்பது ஹாரிஸ் ஏற்கெனவே கண்டது. நடுவே ஒரு தடுப்பு வைத்து வளரவிடாமல் செய்தால் சுரப்பி உறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1958இல் நிகிடோவிச்-வைனரும் எவரெட்டும் செய்தது கடைசி ஐயத்தையும் போக்கியது: எலியின் பிட்யூட்டரியை எடுத்து அதன் சிறுநீரகத்தின் உறைக்கடியில் வைத்தார்கள், அது பெரும்பாலும் செயலற்றுப்போனது. அதையே எடுத்துத் திரும்ப ஹைபோதலாமஸின் அடியில் வைத்தார்கள், உயிர்பெற்றது.

இனிப் பொருளைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

ஐம்பது லட்சம் ஆடுகள்

1955இல் மாண்ட்ரியலில் மரே சாஃப்ரனுடன் ஆண்ட்ரூ ஷாலியும், ஹூஸ்டனில் ரோஜர் கியமனும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். ஹைபோதலாமஸ் திசுவோடு வைத்த பிட்யூட்டரி, அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனை அதிகம் வெளியிட்டது. ஷாலி ஹூஸ்டனுக்கே வந்து கியமனுடன் சேர்ந்தார். இருவரும் அந்தத் தூண்டுபொருளை ஆண்டுக்கணக்கில் தேடித் தோற்றார்கள். 1962இல் ஷாலி நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட, ஒரே இலக்குக்கு இரண்டு ஆய்வகங்கள் போட்டிபோட்டன.

போட்டியின் சிரமம் அளவில் இருந்தது. போர்டல் நாளங்களில் மட்டும் பயன்படும் பொருள் என்பதால் மூளை அதை மிகமிகச் சொற்பமாகவே செய்கிறது. உடலின் பொது ரத்தத்தில் கலந்ததும் அது கரைந்து காணாமல் போகும். ஆகவே இறைச்சிக் கூடங்களை நாட வேண்டியிருந்தது. கியமனின் குழு சுமார் 50 லட்சம் ஆட்டு ஹைபோதலாமஸ்களைச் சேர்த்தது. 500 டன் மூளையிலிருந்து வெட்டியெடுத்தவை. ஷாலிக்கு ஒரு இறைச்சி நிறுவனம் சுமார் 10 லட்சம் பன்றி ஹைபோதலாமஸ்களைக் கொடுத்தது. உறையவைத்த துண்டுகளை அரைத்து, கரைத்து, வடித்து, திரும்பத் திரும்பப் பிரித்தார்கள். மூன்று லட்சம் ஆட்டுத் துண்டுகளிலிருந்து கியமனுக்குக் கிடைத்தது 1 மில்லிகிராம், ஒரு கடுகின் எடைகூட இராது.

அந்த 1 மில்லிகிராமில் இருந்தது தைராய்டு பக்கத்தின் திறவுகோல், இன்று டி.ஆர்.எச். என்று சொல்லப்படுவது. குளூட்டமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின் என்று மூன்றே அமினோ அமிலங்கள். மூன்றை ஆறு வரிசைகளில் கோக்கலாம். ஆறையும் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் வேலை செய்யவில்லை. 1969 ஜனவரியில் டூசான் நகரில் கூட்டம் நடந்தபோது, இந்த ஆராய்ச்சிக்கு இனிப் பணம் கொடுக்கலாமா என்ற நிலைக்கு அமெரிக்க அரசின் நிதி அமைப்பு வந்திருந்தது. கியமனின் வேதியியலாளர் ரோஜர் பர்கஸ் அந்தக் கூட்டத்தில் தந்த முடிவுகளே துறையைக் காப்பாற்றின. விடை பின்னர் தெளிந்தது: சங்கிலியின் முன்முனை தன்னைத்தானே வளையமாக மூடிக்கொண்டிருக்கிறது, பின்முனையில் ஒரு அமைடு தொப்பி இருக்கிறது. இரண்டு முனையும் பூட்டியிருந்ததால்தான் வழக்கமான முறைகளில் அது பிடிபடவில்லை. 1969 முடிவதற்குள் இரண்டு ஆய்வகங்களும் அதே கட்டமைப்புக்கு வந்து சேர்ந்தன.

1971இல் ஷாலியின் குழு, பாலுறுப்புகளை ஆளும் பத்து அமினோ அமிலப் பெப்டைடை அறிவித்தது. அதைப் பிரித்துக் கோவையைக் கண்டதில் ஹிசயூகி மட்சுவோ, அகிரா அரிமுரா முதலிய ஜப்பானிய விஞ்ஞானிகளின் உழைப்பு பெரிது. இது ஜி.என்.ஆர்.எச். 1973இல் கியமனின் கூடத்தில் பால் பிரசோ, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடப்போய்த் தடுக்கும் பொருளைக் கண்டார்: சோமாடோஸ்டாடின், பதினான்கு அமினோ அமிலங்கள். 1977இல் மருத்துவ நோபலில் பாதி ரோசலின் யாலோவுக்கும், மீதி கியமனுக்கும் ஷாலிக்கும் போனது. ரத்தத்தில் ஹார்மோன் மிகமிகச் சொற்பமாக இருந்தாலும் அளக்கும் கதிரியக்க முறையை யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கியிருக்காவிட்டால் இவற்றில் பலவும் நடந்திருக்காது. பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். வழியைக் காட்டிய ஹாரிஸ் 1971இலேயே போய்விட்டார். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. ஆனாலும் இந்தத் துறையின் பெயர்ப்பலகையில் முதல் பெயர் ஹாரிஸுடையது என்பதே என் துணிபு.

இருவரும் முதலில் தேடிய அட்ரீனல் தூண்டுபொருள் 1981 வரை அகப்படவில்லை. கியமனிடம் பயின்று தனியே போன வைலி வேல் அதைப் பிடித்தார்: 41 அமினோ அமிலங்கள், சி.ஆர்.எச். அடுத்த ஆண்டு வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுபொருளும் கிடைத்தது. அது கிடைத்த இடம் எந்த மூளையும் இல்லை. உடல் அளவுக்குமீறி வளர்ந்த நோயாளிகளின் கணையக் கட்டி அதை மண்டிக்கிடக்கும்படி சுரந்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கான ஆடுகளில் தேடியது மனித வயிற்றில் இருந்தது.

மணிக்கு ஒரு தட்டு

பொருள்களின் பட்டியல் நிறைந்ததும் பாடநூல்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இந்தத் துறையின் உயிரே இதற்குப் பின்னால்தான் இருப்பதாகப் படுகிறது.

பிட்ஸ்பர்க் நகரில் எர்னஸ்ட் நோபீலின் குழு, ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் பகுதி சிதைக்கப்பட்ட ரீசஸ் பெண் குரங்குகளுக்கு அந்தப் பெப்டைடைச் செயற்கையாக ஏற்றியது. தொடர்ச்சியாகச் சொட்டவிட்டபோது பிட்யூட்டரி பதில் சொல்லவில்லை. மணிக்கு ஒரு தடவை, ஆறு நிமிடம், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராம் என்று விட்டுவிட்டுக் கொடுத்தபோது சுரப்பி விழித்தது. முட்டையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களும் ரத்தத்தில் ஏறின. பிறகு அதே குரங்குக்குத் தொடர் ஓட்டமாக மாற்றினார்கள், இரண்டும் சரிந்தன. திரும்ப மணிக்கொரு தட்டு, திரும்ப ஏறின. 1978இல் வெளியான அந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பொருள் ஒன்றே; விட்டுவிட்டு வந்தால் திறக்கிறது, விடாமல் வந்தால் பூட்டிவிடுகிறது.

காரணம் கேட்கும் செல்லின் பக்கம் இருக்கிறது. பெப்டைடு வந்து அமரும் ஏற்பிக்கு இளைப்பாற நேரம் வேண்டும். இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது, உள்ளே செய்தி கடத்தும் பொறியும் சோர்ந்துபோகிறது. தட்டும் வேகத்துக்கும் பொருள் உண்டு. வேகமாகத் தட்டினால் எல்.எச். அதிகம், மெதுவாகத் தட்டினால் எஃப்.எஸ்.எச். அதிகம். பெண்ணுடலில் மாதச் சுழற்சியின் முன்பாதியில் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. பின்பாதியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. இன்று வீட்டுக்கு வீடு பேசப்படும் பி.சி.ஓ.டி. பிரச்சினையில் பல பெண்களுக்கு இந்தத் தாளம் விரைந்துபோய் எல்.எச். உயர்ந்தே நிற்கிறது. சூலகத்தில் தெரியும் கோளாற்றின் ஒரு வேர் மூளைக்குள் இருக்கிறது.

நோபீலின் குரங்குகள் இரண்டு எதிர் எதிரான மருத்துவங்களைத் தந்தன. ஜி.என்.ஆர்.எச். பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு, இடுப்பில் கட்டிய சிறு பம்பு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டிவிட, பெண்களுக்கு முட்டை வெளியேறுகிறது, பிள்ளை பிறக்கிறது. மறுபுறம், நின்று வேலை செய்யும்படி வேதியியலால் திருத்திய லூப்ரோலைடு போன்ற மருந்துகள் ஏற்பியை விடாமல் அழுத்தி முழு அச்சையும் உறங்கவைக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடும் ஊசி இதுதான். ஏழு வயதில் பூப்பெய்தும் நிலைக்கு வந்துவிட்ட சிறுமிக்குப் பருவத்தைத் தள்ளிவைப்பதும் இதே ஊசி. முதல் சில நாட்கள் அது தூண்டத்தான் செய்யும், பிறகே அடக்கும். அதனால்தான் புற்றுநோய் மருத்துவர்கள் முதல் ஊசிக்கு முன்பே காப்பாக வேறொரு மாத்திரையைத் தொடங்குகிறார்கள்.

வளர்ச்சி ஹார்மோனும் துடிப்பாகவே வருகிறது. அன்றாடப் பெருந்துடிப்பு உறங்கத் தொடங்கிய முதல் மணி நேரத்தில். தூண்டும் பெப்டைடும் சோமாடோஸ்டாடினும் மாறிமாறி இழுக்கின்றன. 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் மூன்றாவது கை ஒன்றைக் கண்டார்கள்: பசித்த இரைப்பை சுரக்கும் கிரெலின். அதுவும் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுகிறது.

தாளத்தைப் போடுவது யார்?

ஜி.என்.ஆர்.எச். செல்கள் மனித மூளையில் ஓரிரு ஆயிரம்தான். அவை மூளையில் பிறப்பதும் இல்லை. கருவில் மூக்கின் பக்கம் தோன்றி, மணம் உணரும் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஹைபோதலாமஸுக்கு நடந்துபோகின்றன. இடையில் தடைபட்டால் பருவமும் வராது, மணமும் தெரியாது. கால்மன் நோய் என்பது அதுதான். வயது பதினெட்டாகியும் மீசை அரும்பாத பையனிடம் மல்லிகையை நீட்டி மணம் தெரிகிறதா என்று மருத்துவர் கேட்பதற்கு இந்தப் பயணம் காரணம்.

ஆனால் இச்செல்களில் ஈஸ்ட்ரஜனை உணரும் முக்கிய ஏற்பி இல்லை. அப்படியானால் சூலகத்தின் செய்தியைக் கேட்டுத் தாளத்தை மாற்றுவது யார்? விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1996இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஹெர்ஷி நகரில், புற்றுநோய் பரவலைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் கண்டு, அவ்வூரின் புகழ்பெற்ற சாக்லேட்டின் பெயரால் கிஸ்-1 என்று வைத்தார்கள். 2003இல் பிரான்சிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் பூப்பெய்தாத குடும்பங்களை ஆராய்ந்தபோது, அந்த மரபணு தரும் கிஸ்பெப்டினின் ஏற்பி பழுதாகியிருந்தது தெரிந்தது. பிறகு வேலை வேகமெடுத்தது. கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று பெப்டைடுகளையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு செல்கூட்டம் ஹைபோதலாமஸில் இருக்கிறது. நியூரோகைனின் கூட்டத்தைக் கிளப்புகிறது, டைனார்ஃபின் அமர்த்துகிறது, நடுவே வெளியேறும் கிஸ்பெப்டின் ஜி.என்.ஆர்.எச். செல்களைத் தட்டுகிறது. தாளக்காரர் இவர்களே என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. இந்தத் தாளம் குழந்தைப் பருவம் முழுக்க ஏன் அடங்கிக் கிடக்கிறது, ஒரு குறிப்பிட்ட வயதில் ஏன் திரும்ப எழுகிறது என்பதுதான் இன்னும் அவிழாத முடிச்சு.

இந்தச் செல்களைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களின் மூளையில், இறந்தபின் ஆய்ந்து பார்த்த நவோமி ரான்ஸ், இதே பகுதியின் செல்கள் பருத்திருப்பதை 1990களின் தொடக்கத்தில் பதிவுசெய்தார். ஈஸ்ட்ரஜனின் பிடி தளர்ந்ததும் நியூரோகைனின் செல்கள் முறுக்கேறிப் பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைக் கலைக்கின்றன. நள்ளிரவில் உடல் பற்றியெரிந்து வியர்வையில் நனைந்து எழும் நம் வீட்டு அம்மாக்களின் துன்பம் அது. “வயசானா அப்படித்தான்” என்று ஒதுக்கப்பட்ட துன்பத்துக்கு, நியூரோகைனினின் ஏற்பியை மட்டும் தடுக்கும் மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிடித்திருக்கும் கை

எல்லா ஹார்மோனுக்கும் மூளை “விடு” என்று சொல்வதில்லை. தாய்ப்பாலைச் செய்யவைக்கும் புரோலாக்டினுக்கு “விடாதே” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகத்தின் உறைக்கடியில் வைத்த எலிப் பிட்யூட்டரி மற்றெல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புரோலாக்டினை மட்டும் தாராளமாகக் கொட்டியது இதனால்தான். பிடித்திருக்கும் கை பெப்டைடு இல்லை, டோபமின். வாந்திக்குக் கடையில் வாங்கும் டொம்பெரிடோன் டோபமினைத் தடுக்கும் மருந்து. நாள்கணக்கில் தின்றால் பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியலாம்.

அதே டொம்பெரிடோன் நம் மீன்பண்ணைகளில் வேறு வேலை செய்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் குளத்தில் கொழுகொழுவென வளரும், வயிறு நிறையச் சினையும் பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. ஆற்றில் புதுவெள்ளம் வந்து மூளைக்குச் சொன்னால்தான் இடும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் வேறு மீன்களின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாள். பிறகு சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாக ஹைபோதலாமஸின் பெப்டைடே வந்தது. இன்று பயன்படும் ஓவாப்ரிம் மருந்தின் ஒரு மில்லியில் சால்மன் மீனின் ஜி.என்.ஆர்.எச்.ஐப் பார்த்துச் செய்த பெப்டைடு 20 மைக்ரோகிராம், டொம்பெரிடோன் 10 மில்லிகிராம். கெண்டை இனத்தில் டோபமின் முட்டை ஹார்மோனையும் பிடித்துவைத்திருப்பதால், தள்ளுவதோடு பிடியையும் தளர்த்த வேண்டியிருக்கிறது.

மேட்டூர், பவானிசாகர் போன்ற அணைகளை ஒட்டிய பண்ணைகளில் மழைக்கால மாலையில் போய்ப் பாருங்கள். ஈரத்துணியில் சுற்றிய தாய்மீனின் முதுகுத்துடுப்புக்கு அருகே, எடை பார்த்து, கிலோவுக்கு அரை மில்லி அளவில் ஊசி போடுவார்கள், ஆண்மீனுக்குக் குறைவு. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வட்டத் தொட்டியின் நீர் முழுக்க ஜவ்வரிசிபோல முட்டைகள் சுழலும். கியமனும் ஷாலியும் ஆட்டு மூளையிலும் பன்றி மூளையிலும் தேடியது, நம் தட்டுக்கு மீனாக வந்திருக்கிறது.

திரும்பிவரும் சொல்

மேலிருந்து வரும் ஆணைக்குக் கீழிருந்து பதில் போகிறது. இதைப் பின்னூட்டம் என்கிறோம். தைராய்டு குறைந்தால் மூளையும் பிட்யூட்டரியும் உரத்துக் கூப்பிடுகின்றன. பரிசோதனைச் சீட்டில், பிட்யூட்டரியின் கூப்பாடான டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு “அதிகம்” என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். உரத்த கூப்பாடு, வேலைக்காரர் மெதுவாகச் செய்கிறார் என்பதற்கு அடையாளம்.

கூப்பிடும் சுரப்பியே செத்துப்போவதும் உண்டு. கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது. ஆனால் அதற்கு ரத்தம் தருவது அழுத்தம் குறைந்த அதே போர்டல் நாளங்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் முதலில் பட்டினி கிடப்பது முன்பகுதி. 1937இல் ஹரால்ட் ஷீஹன் விவரித்த இந்த நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. பிள்ளை பெற்ற கையோடு போடும் ஆக்சிடோசின் ஊசி கருப்பையை இறுக்கி ரத்தப்போக்கைத் தடுக்கிறது. மூளையின் ஒரு பெப்டைடு பிட்யூட்டரியையே காக்கும் இடம் அது. ரத்தம் உறைதலைக் குலைக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சும் இந்தச் சுரப்பியைச் சிதைக்கும். 1987இல் மியான்மரிலிருந்து அது விரிவாக எழுதப்பட்டது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்டிருக்கிறார்கள். பாம்புக்கடியிலிருந்து பிழைத்த உழவர் மாதங்கள் கழித்துச் சோர்ந்து, பசியற்று, முடி உதிர்ந்து வந்தால் “ரத்தசோகை” என்று டானிக் எழுதி அனுப்பக் கூடாது. பிள்ளை பெற்றபோது நிறைய ரத்தம் போனதா, பிறகு பால் சுரந்ததா என்று ஒரு பெண்ணிடம் கேட்கும் இரண்டு கேள்விகள், அவர் ஆண்டுக்கணக்கில் சுமந்த சோர்வின் பெயரைச் சொல்லிவிடும்.

பின்னூட்டத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது ஸ்டீராய்டு. மூளையின் சி.ஆர்.எச். விடியலை ஒட்டி மேலெழுந்து, அட்ரீனலிலிருந்து கார்டிசாலை வரவழைக்கிறது. காலை எட்டு மணி வாக்கில் அது உச்சத்தில் நிற்கும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் சொறிக்கும் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கும்போது, கார்டிசால் நிறைய இருப்பதாக நினைத்து ஹைபோதலாமஸ் வாய் மூடிக்கொள்கிறது, பிட்யூட்டரி அடங்குகிறது, அட்ரீனல் சுருங்குகிறது. அந்தத் தாளம் திரும்ப மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் மாத்திரையைச் சட்டென நிறுத்திவிட்டு ஒரு காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த மாத்திரைகள் சீட்டில்லாமல் கிடைக்கின்றன. பெயர் சொல்லாத வலிப்பொடிகளில் கலந்தும் வருகின்றன. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர் யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். வேறு எந்த நோய்க்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், நான் ஸ்டீராய்டு எடுத்தவர் என்று முதலில் சொல்லுங்கள்.